புரோட்டான்–அணுக்கரு மோதலில் மேசான் உறிஞ்சல்: ஃபை மேசானை வைத்துப் படிப்படியாக ஒரு கணக்கு

புரோட்டான் கற்றையை ஓர் அணுக்கருவின்மேல் செலுத்தினால் உள்ளே மேசான்கள் (ஒரு குவார்க்கும் ஓர் எதிர்க்குவார்க்கும் சேர்ந்த, குறுகிய ஆயுளுள்ள துகள்கள்) பிறக்கும். பிறந்தவை எல்லாம் வெளியே வருவதில்லை. வழியில் இன்னொரு நியூக்ளியானில் (கருவிலுள்ள புரோட்டான் அல்லது நியூட்ரான்) மோதி, வேறு துகள்களாக மாறிக் காணாமல் போகிறவையும் உண்டு. அப்படிப் போன பங்கிலிருந்து, கருப்பொருளுக்குள் அந்த மேசானின் உறிஞ்சல் குறுக்குவெட்டு (ஒரு நியூக்ளியான் அதை விழுங்கும் வாய்ப்பைப் பரப்பளவாகச் சொல்லும் எண்) எவ்வளவு, அதன் அகலம் (நிறைச் சிகரத்தின் பரவல்; துகள் விரைவாக மறைய மறைய இது கூடும்) எவ்வளவு என்று கண்டுபிடிக்கலாம். லேசான கருவையும் கனமான கருவையும் ஒரே கற்றையில் வைத்து விளைச்சலை ஒப்பிடுவதுதான் முறை.

அளவீடு ஒப்பீட்டளவில் சுலபம். அளந்த விகிதத்தை மில்லிபார்ன் (குறுக்குவெட்டின் அலகு) கணக்குக்கு மாற்றும் இடத்தில்தான் ஆட்கள் வழுக்கி விழுகிறார்கள். ஆகவே இந்த வழிகாட்டியில் அந்தப் பகுதிக்கே அதிக இடம்.

எடுத்துக்காட்டுக்கு ஜெர்மனியின் யூலிஷ் நகரில், 184 மீட்டர் சுற்றளவுள்ள கோசி புரோட்டான் முடுக்கி வளையத்தில் ‘ஆங்கே’ (ANKE) என்ற நிறமாலைமானி செய்த அளவீட்டை எடுத்துக்கொள்வோம். 2.83 ஜிஇவி (ஆயிரம் எம்இவி ஒரு ஜிஇவி; ஆற்றல், நிறை, உந்தம் மூன்றையும் இங்கே இதே அலகில் சொல்கிறோம்) இயக்க ஆற்றல் கொண்ட புரோட்டான்கள்; கார்பன், செம்பு, வெள்ளி, தங்கம் ஆகிய நான்கு இலக்குகள்; ஃபை மேசான் ஒரு நேர் கேயானாகவும் ஓர் எதிர் கேயானாகவும் (கேயானும் ஒரு மேசான்தான், ஃபையைவிட லேசானது) சிதைவதைப் பிடிப்பது. முடிவுகள் 2011-இல் வெளிவந்தன.

படி 1: இயக்கவியலை முதலில் முடித்துவிடுங்கள்

ஃபையின் நிறை 1019.5 எம்இவி, வெற்றிடத்தில் அகலம் 4.25 எம்இவி. இரண்டு புரோட்டான்கள் மோதி, அந்த இரண்டோடு ஒரு ஃபையும் வெளிவர, கற்றைக்குக் குறைந்தது 2.59 ஜிஇவி இயக்க ஆற்றல் வேண்டும்; இதுதான் தொடக்க ஆற்றல். 2.83 ஜிஇவியில் நிறைமையச் சட்டத்தில் (மொத்த உந்தம் சுழியாகத் தெரியும் நோக்குநிலை) தொடக்கத்தைத் தாண்டிய உபரி ஆற்றல் வெறும் 76 எம்இவி. இந்தச் சின்ன எண்ணிலிருந்து மூன்று விஷயங்கள் கிளைக்கின்றன.

ஒன்று, ஃபையின் உந்தம் எங்கே விழும் என்பது. அசையாத புரோட்டானில் மோதினால் ஃபையின் ஆய்வகச் சட்ட உந்தம் சுமார் 0.81 முதல் 1.81 ஜிஇவி வரை மட்டுமே இருக்க முடியும், நடுவில் 1.25. அளவீட்டுச் சாளரமோ 0.6 முதல் 1.6 வரை. ஆக 0.8-க்குக் கீழே பதிவாகும் ஃபை எதுவும் நேரான, ஓய்வுநிலை மோதலில் பிறந்ததாக இருக்க முடியாது. கருவுக்குள் நியூக்ளியான்களின் ஃபெர்மி இயக்கமோ (அவை உள்ளே ஓயாமல் அசைவது), இரண்டாம் நிலை வினையோ அதைத் தந்திருக்க வேண்டும்.

இரண்டு, ஃபெர்மி இயக்கம் இங்கே ஒரு சில்லறைத் திருத்தம் அல்ல. 220 எம்இவி உந்தத்தோடு எதிரே வரும் நியூக்ளியானில் மோதினால் உபரி ஆற்றல் 76-லிருந்து 364 எம்இவிக்கு ஏறுகிறது. அதே உந்தத்தோடு கற்றையின் திசையிலேயே ஓடும் நியூக்ளியானாக இருந்தால் தொடக்க ஆற்றலுக்கு 170 எம்இவி கீழே போய்விடும், ஃபை பிறக்கவே பிறக்காது. பிணைப்பாற்றலைச் சேர்க்காமல் போட்ட கணக்கு இது. சேர்த்தால் இரண்டு எண்களும் இன்னும் கொஞ்சம் இறங்கும்.

மூன்று, கற்றை ஆற்றல் நிலையாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வளையத்துக்குள் சுற்றும் கற்றை ஒரே இலக்கை மறுபடி மறுபடி கடப்பதால் ஆற்றலை இழந்துகொண்டே போகும். 10 எம்இவி இழந்தால் உபரியில் 3.2 எம்இவி குறையும். மூன்று துகள் வெளியீட்டில் குறுக்குவெட்டு ஏறக்குறைய உபரியின் இருமடியாக ஏறுவதால், தனிப் புரோட்டானில் அது 8 விழுக்காடு வேறுபாடு. கருவில் ஃபெர்மி இயக்கம் இதை மழுங்கடிக்கும். ஆனாலும் தங்க ஓட்டத்திலும் கார்பன் ஓட்டத்திலும் கற்றை வெவ்வேறு அளவு ஆற்றலை இழந்திருந்தால் பிழை நேராக விகிதத்தில் வந்து உட்காரும். இலக்குகளை மாற்றி மாற்றி ஓட்டுவது அதற்காகத்தான்.

அடுத்து, சிதைவு நீளம். 1.1 ஜிஇவி உந்தத்தில் ஃபையின் வேகம் ஒளியில் 0.733 பங்கு, வெற்றிட அகலத்தோடு அது சராசரியாக 50 ஃபெர்மி (ஒரு ஃபெர்மி 10⁻¹⁵ மீட்டர்) தூரம் போய்த்தான் சிதையும். தங்கக் கருவின் ஆரமே ஆறரை ஃபெர்மிதான். உள்ளே அது நடக்கும் தூரத்தைச் சராசரியாக 4 ஃபெர்மி என்று வைத்தாலும், 8 விழுக்காடு மட்டுமே இயல்பான சிதைவால் உள்ளே சிதையும். இதனால் ஒரு வசதி: கேயான்கள் பெரும்பாலும் வெளியில்தான் பிறக்கின்றன, அவை கருவில் சிதறுவதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். ஒரு நட்டமும் உண்டு: நிறைச் சிகரத்தின் வடிவத்தைப் பார்த்து உள்ளே அகலம் கூடியதா என்று சொல்ல முடியாது, வெளியே சிதைந்த ஃபை வெற்றிட அகலத்தையே காட்டும். எண்ணிக்கை குறைவதை வைத்துத்தான் அகலத்தை ஊகிக்க வேண்டும்.

வடிவத்தையே பார்க்க வேண்டுமென்றால் மெதுவான ஃபையும், கருவோடு வலுவாக மோதாத எலக்ட்ரான்–பாசிட்ரான் சிதைவும் தேவை. ஜப்பானின் கேஇகே ஆய்வகத்தில் ஈ325 சோதனை 12 ஜிஇவி புரோட்டான்களைக் கார்பனிலும் செம்பிலும் செலுத்தி அந்த வழியில் போனது. செம்பில், மெதுவான ஃபைகளில் மட்டும், சிகரத்தின் கீழ்ப்பக்கம் கூடுதல் எண்ணிக்கை தெரிந்தது. நிறை 3.4 விழுக்காடு குறைவு, அகலம் 3.6 மடங்கு என்று அதற்குப் பொருள் சொன்னார்கள். எலக்ட்ரான்–பாசிட்ரான் சிதைவு பத்தாயிரத்துக்கு மூன்று வீதமே நடக்கும். கேயான் சிதைவு ஏறக்குறைய பாதி. எந்த வழியில் எவ்வளவு கற்றை நேரம் தேவைப்படும் என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

படி 2: இலக்கும் இயல்பாக்கமும்

இலக்கின் தடிமனை முடிவுசெய்யும்போது இரண்டு நீளங்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தங்கத்தின் அணுக்கரு இடைவினை நீளம் (மீள்தன்மையற்ற மோதலுக்கு முன் புரோட்டான் சராசரியாகப் போகும் தூரம்) சுமார் 10 சென்டிமீட்டர், கதிர்வீச்சு நீளம் (எலக்ட்ரான் தன் ஆற்றலில் பெரும்பகுதியைக் கதிர்வீச்சாக இழக்கும் தூரம்) 0.33 சென்டிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் தங்கத் தகட்டில் புரோட்டான் மோத ஒரு விழுக்காடு வாய்ப்பு. இரண்டாம் மோதல் பற்றிய கவலை இல்லை. ஆனால் அதே தகடு எலக்ட்ரானுக்கு 30 விழுக்காடு கதிர்வீச்சு நீளம். எலக்ட்ரான் வழியில் அளப்பவர்களுக்கு அந்தத் தகடு உதவாது: சிகரத்துக்குக் கீழே வால் நீளும், ஃபோட்டான்கள் இணைகளாக மாறிப் பின்னணியை நிரப்பும். கேயான் வழியில் இந்தத் தொல்லை இல்லை, ஆற்றல் இழப்பைத் திருத்தினால் போதும்.

தனிப்பெறுமதி வேண்டாம், விகிதம் மட்டும் போதும் என்றாலும் ஒவ்வொரு இலக்கிலும் எத்தனை மோதல் நடந்தது என்று ஒரே அளவுகோலில் தெரிய வேண்டும். ஆங்கேயில் முன்திசையில் வரும் சுமார் 500 எம்இவி உந்தமுள்ள நேர் பையான்களை (மிக லேசான மேசான்கள்) அதற்குப் பயன்படுத்தினார்கள். நல்ல வழிதான், ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. பையான் விளைச்சலும் கருவைப் பொறுத்து மாறும். அந்த மாற்றம் முந்தைய அளவீடுகளிலிருந்து எவ்வளவு துல்லியமாகத் தெரியுமோ அவ்வளவுதான் உங்கள் ஃபை விகிதத்தின் துல்லியமும். கோடி ஃபை சேர்த்தாலும் இந்தப் பிழை குறையாது.

படி 3: ஃபைகளை எண்ணுதல்

இரு கேயான்களின் நிறைக்கூடுதல் 987.4 எம்இவி. ஃபைச் சிகரம் அதற்கு 32 எம்இவி மட்டுமே மேலே நிற்கிறது. அந்தத் தொடக்க நிறைக்கு இவ்வளவு பக்கத்தில் பின்னணி சமதளமாக இருக்காது, சிகரத்தின் இடப்பக்கம் சட்டென்று சுழிக்குச் சரியும். நேர்கோட்டுப் பின்னணி போட்டால் எண்ணிக்கை தவறும். ஒரு நிகழ்வின் நேர் கேயானை வேறொரு நிகழ்வின் எதிர் கேயானோடு இணைத்துப் பின்னணி வடிவத்தை உருவாக்குவது நல்லது. சிகரத்துக்கு பிரைட்–விக்னர் வடிவத்தை (சிதையும் துகளின் இயல்பான சிகரம்) கருவியின் பிரிதிறனுக்கான காஸியனோடு (மணி வடிவ வளைவு) கலந்து பொருத்துங்கள், அகலத்தை 4.25-இல் பூட்டிவிடுங்கள். அதைத் திறந்துவிட்டால் பிரிதிறனும் அகலமும் ஒன்றையொன்று தின்னும், எண்ணிக்கை ஆடும்.

அடுத்து, கேயான் பறக்கும்போதே சிதைவது. 0.55 ஜிஇவி உந்தத்தில் கேயானின் சராசரி ஓட்டம் 4.1 மீட்டர். கருவிக்குள் சில மீட்டர் ஓடவேண்டும், அதுவும் இரண்டு கேயான்களும் பிழைக்க வேண்டும். பாதிக்குமேல் இழப்பது இயல்பு. எல்லா இலக்குக்கும் ஒரே இழப்பு என்பதால் விகிதத்தில் அடிபட்டுப் போகும் என்பார்கள். உந்தப் பரவல் இலக்குக்கு இலக்கு மாறாவிட்டால் அது சரி. மாறும் என்பதால் உந்தத்தை நான்கைந்து கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்குக் கட்டம் ஏற்புத்திறன் திருத்தம் செய்த பிறகே விகிதம் எடுங்கள்.

படி 4: ஊடுருவல் விகிதம்

வரையறை எளியது. ஓர் இலக்கின் ஃபை குறுக்குவெட்டை அதன் நிறை எண்ணால் வகுங்கள். கார்பனுக்கும் அதையே செய்யுங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுங்கள். தங்கத்துக்கு அது (12 ÷ 197) × (தங்கக் குறுக்குவெட்டு ÷ கார்பன் குறுக்குவெட்டு).

தனிப் புரோட்டானை விட்டுக் கார்பனை அடிப்படையாக வைப்பதற்குக் காரணம் உண்டு. கார்பனில் ஏற்கெனவே நியூட்ரான்கள் பாதி, ஃபெர்மி இயக்கமும் இருக்கிறது. அவற்றின் விளைவில் பெரும்பகுதி விகிதத்தில் கழிந்துவிடும்.

ஆங்கே அளவீட்டில் குறுக்குவெட்டு நிறை எண்ணின் 0.56 அடுக்காக ஏறியது. தங்கத்துக்கு அது 0.29 என்ற விகிதம். இனி 0.29 என்பதை மில்லிபார்னாக மாற்ற வேண்டும்.

படி 5: கையால் போடும் கணக்கு

எந்தப் பெரிய நிரலையும் ஓட்டுவதற்கு முன் இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். நிரல் எங்கே பொய் சொல்கிறது என்று பிறகு கண்டுபிடிக்க இது ஒன்றுதான் துணை.

அனுமானங்கள்: கரு ஓரம் கூர்மையான கோளம், அடர்த்தி கன ஃபெர்மிக்கு 0.16 நியூக்ளியான். புரோட்டான் உள்ளே நுழைந்து, முதல் மீள்தன்மையற்ற மோதலிலேயே ஃபையை உண்டாக்க வேண்டும். வேறு விதமாக மோதிவிட்டால் ஆற்றல் குறைந்து இனி உண்டாக்க முடியாது. பிறந்த ஃபை நேர் முன்னோக்கிப் போகும், வழியில் உறிஞ்சப்படலாம்.

இந்த நிலையில் வினையில் பங்கேற்கும் நியூக்ளியான்களின் செயலுறு எண்ணிக்கைக்கு முடிவான சூத்திரம் கிடைக்கிறது. மெலிவெண் ‘ம’ என்பது குறுக்குவெட்டை அடர்த்தியால் பெருக்கியது, ‘ஆ’ கருவின் ஆரம் என்றால்:

ப(ம) = (1.5708 ÷ ம²) × [1 − (1 + 2மஆ) × எக்ஸ்ப்(−2மஆ)]

செயலுறு எண் = [ப(ஃபை) − ப(புரோட்டான்)] ÷ (புரோட்டான் குறுக்குவெட்டு − ஃபை குறுக்குவெட்டு)

ஃபைக்கு உறிஞ்சலே இல்லை என்றால் ப(ஃபை) கோளத்தின் வெட்டுப்பரப்பாகிவிடும், அதாவது 3.1416 × ஆ². அலகில் கவனம் வேண்டும்: 10 மில்லிபார்ன் என்பது ஒரு சதுர ஃபெர்மி. இங்கே பத்து மடங்கு பிழை வராத மாணவரைப் பார்ப்பது அரிது.

எண்களைப் போடுவோம். கார்பனின் ஆரம் 2.616 ஃபெர்மி, தங்கத்தினுடையது 6.649. புரோட்டானின் மீள்தன்மையற்ற குறுக்குவெட்டு முழு எண்ணாக 30 மில்லிபார்ன், அதாவது 3 சதுர ஃபெர்மி. அதன் மெலிவெண் 0.48. ப(புரோட்டான்) கார்பனுக்கு 4.87, தங்கத்துக்கு 6.73.

உறிஞ்சல் சுழி என்றால்: கார்பனில் (21.50 − 4.87) ÷ 3 = 5.54. தங்கத்தில் (138.89 − 6.73) ÷ 3 = 44.05. விகிதம் 0.48, அடுக்கு 0.74.

இந்த இடத்தில் நின்று யோசியுங்கள். ஃபை ஒன்றுகூட உறிஞ்சப்படவில்லை, ஆனாலும் விகிதம் 1 இல்லை, 0.48. பாதிக்குமேல் நிழல் புரோட்டானுடையது: முன்வரிசை நியூக்ளியான்கள் கற்றையைத் தடுத்துவிடுவதால் பின்னால் இருப்பவற்றுக்கு வேலை இல்லை. “விகிதம் 1-க்குக் கீழே வந்துவிட்டது, ஆகவே மேசான் உறிஞ்சப்படுகிறது” என்று எழுதிய அறிக்கையைப் பார்த்தால் அதை மேற்கொண்டு படிக்கவே வேண்டாம். ஒப்பிட வேண்டிய எண் 0.48.

10 மில்லிபார்ன் உறிஞ்சலுக்கு: மெலிவெண் 0.16. கார்பனில் ப(ஃபை) 12.55, செயலுறு எண் 3.84. தங்கத்தில் ப(ஃபை) 38.50, செயலுறு எண் 15.88. விகிதம் 0.25, அடுக்கு 0.51.

20 மில்லிபார்னுக்கு: கார்பனில் 2.78, தங்கத்தில் 7.46. விகிதம் 0.16, அடுக்கு 0.35.

அளவீடு 0.29. இந்த எளிய கணக்கு சொல்லும் விடை 7 முதல் 8 மில்லிபார்ன். வெளியான ஆய்வோ முழு மாதிரிகளை வைத்து 14 முதல் 21 மில்லிபார்ன் என்கிறது. இரண்டு மடங்கு வித்தியாசம்! காகிதக் கணக்கில் விட்டுப்போன இயற்பியல்தான் இந்த இடைவெளி. அதை அடுத்த படியில் ஒவ்வொன்றாகச் சேர்ப்போம்.

அதற்குமுன் இரண்டு சோதனை. உங்கள் நிரலில் உறிஞ்சலைச் சுழியாக்கி, செயலுறு எண்ணைப் புரோட்டான் குறுக்குவெட்டால் பெருக்குங்கள். புரோட்டான்–கரு மீள்தன்மையற்ற குறுக்குவெட்டு வர வேண்டும். மேலே உள்ள கோளம் கார்பனுக்கு 166 மில்லிபார்ன் தருகிறது. உண்மை 220–230 அளவில். தங்கத்துக்கு 1.32 பார்ன் தருகிறது, உண்மை 1.7 அளவில். கூர்மையான ஓரம் எவ்வளவு மோசம் என்று இதிலேயே தெரிகிறது. இரண்டாவது சோதனை: விகிதத்தில் 10 விழுக்காடு பிழை இருந்தால் விடை எவ்வளவு நகரும்? 10-க்கும் 20-க்கும் நடுவே ஒரு மில்லிபார்னுக்குச் சுமார் 4 விழுக்காடு வீதம் விகிதம் இறங்குகிறது. ஆக 10 விழுக்காடு பிழை என்பது 2 மில்லிபார்னுக்கு மேல். அடுத்து வரும் திருத்தங்களை எடைபோட இந்த எண்ணைக் கையில் வைத்திருங்கள்.

படி 6: விட்டுப்போனதைச் சேர்த்தல்

அடர்த்தி. தங்கம், வெள்ளி, செம்புக்கு வுட்ஸ்–சாக்ஸன் வடிவம் (நடுவில் சமமாக இருந்து ஓரத்தில் மெல்லத் தேயும் அடர்த்தி). ஆரத்துக்கு 1.12 × நிறை எண்ணின் கனமூலம் − 0.86 ÷ கனமூலம். ஓரத் தடிமனுக்கு 0.54 ஃபெர்மி. தங்கத்துக்கு 6.37 ஃபெர்மி வரும். கார்பனுக்கு இந்தச் சூத்திரத்தைப் போடாதீர்கள். அதற்கு அலையியற்றி வடிவம் அல்லது அளந்த மின்சுமைப் பரவலே சரி. கார்பனின் மின்சுமை ஆரம் (இருமடிச் சராசரி மூலம்) 2.47 ஃபெர்மி, நம் கூர்மையான கோளம் தருவது 2.03 மட்டுமே. தங்கத்தில் 5.44-க்கு 5.15, அவ்வளவு மோசமில்லை. கார்பன் உண்மையில் தளர்வானது என்பதால் அதில் உறிஞ்சல் குறையும், விகிதம் இறங்கும். இது விடையை 7–8-லிருந்து இன்னும் கீழே இழுக்கும். ஆகவே மேலே தள்ளுவது வேறு எதுவோ.

நியூட்ரான் மிகுதி. தங்கத்தில் 60 விழுக்காடு நியூட்ரான், கார்பனில் 50. தொடக்கத்துக்கு அருகில் நியூட்ரான் மோதலில் ஃபை விளைச்சல் அதிகம். நான்கு மடங்கு என்று வைத்துக்கொண்டால், தங்கத்தின் சராசரி நியூக்ளியான் கார்பனுடையதைவிட 12 விழுக்காடு கூடுதலாகத் தரும். அதை ஈடுகட்ட உறிஞ்சல் 2 மில்லிபார்னுக்கு மேல் ஏற வேண்டும்.

இரண்டு படி வினை. இதுதான் பெரிய தலைவலி. “மோதிய புரோட்டான் இனி உதவாது” என்ற அனுமானம் பொய். முதல் மோதலில் பிறந்த பையானின் உந்தம் 1.56 ஜிஇவிக்கு மேல் இருந்தால் அடுத்த நியூக்ளியானில் அதுவே ஃபையை உண்டாக்கும். டெல்டா கிளர்நிலையும் (மோதலில் கிளர்ந்த நியூக்ளியான்) நியூக்ளியானோடு மோதி உண்டாக்கலாம். கரு பெரிதாக ஆக இரண்டாம் மோதலுக்கு வாய்ப்பு கூடும் என்பதால் இது தங்கத்துக்குச் சாதகம். தங்கம்–கார்பன் விகிதத்தை இது 30 விழுக்காடு தூக்கினாலே விடை 5–6 மில்லிபார்ன் மேலே போகும். பையான்–நியூக்ளியான் வழியின் குறுக்குவெட்டு ஓரளவு தெரியும். டெல்டா வழிக்கு நேரடி அளவீடு இல்லை, மாதிரியை நம்ப வேண்டியதுதான். வலென்சியா குழுவின் கணக்கு, பார்யேவின் கணக்கு, ரோசன்டார்ஃப் போக்குவரத்து நிரல் மூன்றையும் ஆங்கே குழு பக்கத்தில் பக்கத்தில் வைத்தது. 14–21 என்ற பரந்த இடைவெளியில் கணிசமான பங்கு மாதிரிகளுக்கு இடையிலான வேறுபாடு. தரவைக் கூட்டி அதைச் சுருக்க முடியாது.

கோணம். ஃபை நியூக்ளியானில் மோதி மீள்தன்மையோடு சிதறினால் அது உறிஞ்சல் அல்ல. ஆனால் அளவீடு 8 பாகைக்கு உட்பட்ட கூம்பில் மட்டும் நடந்தது. கொஞ்சம் திசை மாறினாலும் கூம்புக்கு வெளியே போய் “காணாமல் போனது” கணக்கில் சேரும். உள்ளே வந்து சேருபவையும் உண்டு. இரண்டையும் பின்தொடரும் நிரல் வேண்டும், வெறும் எக்ஸ்பொனென்ஷியல் போதாது.

இவ்வளவும் சேர்த்த பிறகும் உந்தக் கட்டங்களாகப் பிரித்துப் பாருங்கள். ஆங்கே குழு அதைச் செய்தபோது இரண்டு விஷயம் தெரிந்தது: உந்தம் கூடக்கூட அகலம் கூடுகிறது, குறைந்த உந்தத்தில் மாதிரிகள் அளவீட்டைவிடக் குறைவான ஃபைகளையே தருகின்றன. படி 1-இல் பார்த்த 0.8 ஜிஇவிக் கோட்டை இங்கே நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். நேரான வினை கைவிடும் பகுதியில்தான் மாதிரியும் தடுமாறுகிறது. மொத்தமாகச் சேர்த்த ஒற்றை விகிதத்தில் இது தெரியாது.

படி 7: குறுக்குவெட்டிலிருந்து அகலத்துக்கு

கருவின் ஓய்வுச் சட்டத்தில் அகலம் = 197.3 × வேகம் × குறுக்குவெட்டு × அடர்த்தி. சதுர ஃபெர்மியும் கன ஃபெர்மிக்கு நியூக்ளியானும் போட்டால் விடை எம்இவியில் வரும்.

1.1 ஜிஇவி உந்தத்தில் வேகம் 0.733. 14 மில்லிபார்னுக்கு 32 எம்இவி, 21-க்கு 49 எம்இவி. வெளியான 33–50 எம்இவியோடு இது ஒத்துப்போகிறது. வெற்றிட அகலத்தைப் போல் ஏறக்குறைய பத்து மடங்கு. 20 மில்லிபார்னில் சராசரி கட்டற்ற பாதை 3.1 ஃபெர்மி.

எந்தச் சட்டம் என்று எழுதாமல் அகலத்தைக் குறிப்பிடுவது இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் குளறுபடி. ஃபையின் ஓய்வுச் சட்டத்துக்கு மாற்ற 1.47-ஆல் பெருக்க வேண்டும். 49 எம்இவி அங்கே 72 ஆகிவிடும். இருவர் ஒரே தரவை வைத்து ஒன்றரை மடங்கு வேறுபட்டு நின்றால் முதலில் இதைச் சரிபாருங்கள்.

ஃபோட்டான் கற்றையில் அளந்த எண்களோடு ஒப்பிடும்போதும் நிதானம் தேவை. ஸ்ப்ரிங்-8-இல் லெப்ஸ் குழு லித்தியம் முதல் செம்பு வரை அளந்து சுமார் 35 மில்லிபார்ன் என்றது, பிழை எல்லையும் பெரிது. ஃபோட்டான் கருவில் தேய்வதில்லை, முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் ஒரே ஒளி. ஆகவே 0.48 போன்ற தொடக்கத் தள்ளுபடி அங்கே இல்லை.

வேறு மேசான் என்றால் எதை மாற்றுவது

ஈட்டா மேசானுக்கு (தொடக்கம் 1.26 ஜிஇவி) இதே முறை செல்லும். ஆனால் அது நியூக்ளியானோடு சேர்ந்து 1535 எம்இவி கிளர்நிலையை உண்டாக்கி, அது மறுபடி ஈட்டாவாகவும் சிதையலாம். உறிஞ்சல், மறுபிறப்பு இரண்டையும் கணக்கில் வையுங்கள்.

எதிர் கேயான் (தொடக்கம் 2.5 ஜிஇவி) நியூக்ளியானோடு சேர்ந்து லாம்டா அல்லது சிக்மா துகளும் பையானுமாக மாறிவிடும், உறிஞ்சல் கடுமை. நேர் கேயானுக்கு (1.58 ஜிஇவி) அந்த வழி அடைபட்டிருக்கிறது, உறிஞ்சலே இல்லை என்று கொள்ளலாம். அதற்காக விகிதம் சாதுவாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். மெதுவான நேர் கேயானைக் கூலும் விலக்கமும் கருவின் விலக்கு அழுத்தமும் சேர்ந்து வெளியே முடுக்கிவிடும். தங்கத்தின் ஓரத்தில் கூலும் தடை மட்டுமே சுமார் 17 எம்இவி, கருவின் விலக்கு இன்னொரு 20 அளவில். சுமார் 245 எம்இவி உந்தத்துக்குக் கீழே தங்கம்–கார்பன் விகிதம் சரிவதை ஆங்கேயிலேயே பார்த்தார்கள். அந்தச் சரிவை உறிஞ்சல் என்று படித்தால் விடை முற்றிலும் தப்பு.

பையானுக்கு மேலே சொன்ன சூத்திரங்களைத் தொடவே வேண்டாம். இயக்க ஆற்றல் 190 எம்இவி அருகில் டெல்டா அதிர்வில் கட்டற்ற பாதை அரை ஃபெர்மிக்கும் கீழே போகிறது. அதில் பெரும்பகுதி சிதறலும் மின்சுமை மாற்றமும். உண்மையான உறிஞ்சலுக்குக் குறைந்தது இரண்டு நியூக்ளியான்கள் சேர வேண்டும். லியேஜ் உள்மோதல் தொடர் நிரலையோ, ஜியான்ட்4-இல் உள்ள பெர்டினி தொடரையோ ஓட்டி, செர்னின் ஹார்ப் சோதனைத் தரவோடு ஒப்பிடுங்கள். கே2கே நியூட்ரினோக் கற்றைக்காக 12.9 ஜிஇவி உந்தத்தில் அலுமினியத்தையும், மினிபூன் நியூட்ரினோ சோதனைக்காக 8.9-இல் பெரிலியத்தையும் அங்கே அளந்து வைத்திருக்கிறார்கள்.

ஜே/சை மேசான் (சார்ம் குவார்க்கும் அதன் எதிர்க்குவார்க்கும் சேர்ந்தது) 1974-இல் புரூக்ஹேவனில் முதலில் தென்பட்டதே புரோட்டான்–பெரிலியம் மோதலில்தான். அதற்கும் செயலுறு எண் சூத்திரம் உண்டு, ஆனால் புரோட்டான் குறுக்குவெட்டு இருக்கும் இடத்தில் சுழியைப் போட வேண்டும். நூற்றுக்கணக்கான ஜிஇவி ஆற்றலில் கடின மோதலுக்கு முன்வரிசை நிழல் கிடையாது. அதே கற்றையில் ட்ரெல்–யான் இணைகள் (குவார்க்கும் எதிர்க்குவார்க்கும் அழிந்து பிறக்கும் மியூவான் போன்ற துகள் இணைகள்) நிறை எண்ணுக்கு நேர் விகிதத்தில் வருவதே சான்று. 30 மில்லிபார்னை அங்கேயும் போட்டுவிட்டால், மேசானின் உறிஞ்சல் இல்லாமலே எல்லா நிழலும் வந்துவிடும். முடிவாகக் கிடைக்கும் எண்ணையும் மேசானின் உண்மையான குறுக்குவெட்டு என்று கொள்ள முடியாது. செர்னில் என்ஏ60 சோதனை 400 ஜிஇவியில் 4.3 மில்லிபார்ன் என்றும், 158 ஜிஇவியில் 7.6 என்றும் கண்டது. வேகமான சார்ம் குவார்க் இணை முழு மேசானாக உருவாகும் முன்பே கருவைக் கடந்துவிடுகிறது. கருவுக்குள் பார்ட்டான்களின் (குவார்க், குளுவான்) பரவலும் மாறுகிறது. எல்லாம் சேர்ந்த கூட்டுத்தொகைதான் இந்த மில்லிபார்ன். ஃபெர்மிலாபில் 800 ஜிஇவியில் ஈ866 அளந்தபோது, அடுக்கு மையப்பகுதியில் 0.95 அருகில் தொடங்கி, முன்திசை உந்தப் பங்கு கூடக்கூட வெகுவாக இறங்கியது. எனவே ஜே/சைக்கு ஓர் அடுக்கை எங்கேனும் எடுத்தாளும்போது கற்றை ஆற்றலையும் உந்தச் சாளரத்தையும் அதன் பக்கத்திலேயே எழுதுங்கள்.